கடைசி ஆட்டம் என்று அவளுக்குத் தெரிய வேண்டும்: ஹாக்கி இந்தியாவுக்கு ஒரு திறந்த மடல்

ஹாக்கி இந்தியாவின் நிர்வாகிகளுக்கும், மகளிர் அணியின் தேர்வாளர்களுக்கும், பயிற்சிக் குழுவினருக்கும்

வணக்கம்.

நான் ஒரு காலத்தில் ஹாக்கியில் லெஃப்ட் ஹாஃப், அதாவது நடுவரிசையின் இடப்பக்கத்தில் ஆடியவள். இப்போது வாரத்தில் ஐந்து நாள், விடிகாலையில், பள்ளிப் பெண்களுக்கு ஹாக்கி சொல்லிக்கொடுக்கிறேன். மண் தரைதான். மொத்தம் 22 பெண்கள். அவர்களில் பதிமூன்று வயதுப் பெண் ஒருத்திக்கு, தனக்குப் பிடித்த வீராங்கனைகளைப் பற்றி நோட்டில் எழுதிவைக்கும் பழக்கம் உண்டு. பெயர், பிறந்த ஊர், ஆடும் இடம், முதல் ஆட்டம், கடைசி ஆட்டம் என்று கட்டம் கட்டமாகக் கோடு போட்டு வைத்திருக்கிறாள். போன மாதம் ஒருநாள், கீழ்க்காலைக் காக்கும் ஷின் கார்டைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்: "மிஸ், ராணி ராம்பாலோட முதல் மேட்ச் ரஷ்யாவுல, கசான்ல. கடைசி மேட்ச் எது மிஸ்?"

இந்திய மகளிர் அணியின் முன்னாள் கேப்டன் ராணி கடைசியாக ஆடியது 2023 ஜனவரி, தென்னாப்பிரிக்கப் பயணத்தில் என்று சொன்னேன். எழுதிக்கொண்டாள். அதற்கடுத்து அவள் கேட்ட கேள்விதான் என்னை இந்த மடலை எழுதவைத்தது.

"அதுதான் கடைசின்னு அவங்களுக்கு அப்பவே தெரியுமா மிஸ்?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மட்டைகளை எண்ணி மூட்டையில் போடச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்று முழுக்க அந்தக் கேள்வி கூடவே வந்தது. அதை இப்போது உங்கள் முன்னால் வைக்கிறேன்.

ராணியின் தொடக்கத்தை நாம் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிறோம். ஹரியானாவில் குருக்ஷேத்திர மாவட்டத்து ஷாபாத் மார்க்கண்டா. அப்பா வண்டி இழுத்தார், ஒரு நாளைக்கு 80 ரூபாய் வருமானம். அம்மா வீட்டு வேலைக்குப் போனார். வீட்டில் கடிகாரம் இல்லை. மகளைப் பயிற்சிக்கு எழுப்ப நேரமாகிவிட்டதா என்று அம்மா வானத்தைப் பார்த்துக் கணக்குப் போடுவார். வீட்டுக்குப் பக்கத்திலேயே ஹாக்கி அகாடமி. அதன் ஓரத்தில் நின்று மணிக்கணக்கில் வேடிக்கை பார்த்த சிறுமி, எனக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று பயிற்சியாளர் பல்தேவ் சிங்கிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். உடம்பில் தெம்பில்லை என்று அவர் முதலில் மறுத்தார். உடைந்த மட்டை ஒன்றை எங்கிருந்தோ எடுத்துவந்து, சல்வார் கமீஸோடு ஓடி ஓடித்தான் அவரைச் சம்மதிக்க வைத்தாள்.

அந்த அகாடமியில் ஒவ்வொரு பிள்ளையும் தினம் 500 மில்லி பால் கொண்டுவந்து குடிக்க வேண்டும். ராணியின் வீட்டில் 200 மில்லி வாங்கத்தான் காசு இருந்தது. மீதிக்குத் தண்ணீர் கலந்து யாருக்கும் சொல்லாமல் குடித்தாள். குட்டைப் பாவாடை கட்டிக்கொண்டு ஓடப் போகிறாளா என்று உறவுக்காரர்கள் கேட்டதையும், முதல் பரிசுப் பணம் 500 ரூபாயை அப்பாவின் கையில் கொடுத்ததையும், அதுவரை அவ்வளவு பணத்தை மொத்தமாக அவர் கையில் வைத்திருந்ததே இல்லை என்பதையும் ராணியே சொல்லியிருக்கிறார்.

இந்தக் கதையை மேடையில் சொல்ல நமக்குப் பிடிக்கிறது. நானும் என் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்தப் பாலில் கலந்த தண்ணீரில் நம் பங்கு எதுவும் இல்லை. ஒரு தாய், ஒரு தகப்பன், மட்டையும் காலணியும் வாங்கிக்கொடுத்துத் தன் குடும்பத்தோடு தங்கவைத்துக்கொண்ட ஒரு பயிற்சியாளர் ஆகிய மூன்று பேர்தான் ராணியைக் கசான் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஒரு வீராங்கனையின் வாழ்க்கையில் தொடக்கம் எப்போதுமே இப்படித்தான், அவள் வீட்டுச் செலவில். ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்துக் குக்கிராமத்திலிருந்து வந்த சலிமா டேட்டே மூங்கில் மட்டையில் ஆடிப் பழகியவர். சோனிபத்தின் நேஹா கோயலின் அம்மா சைக்கிள் தொழிற்சாலையில் வேலை செய்து மகளை வளர்த்தவர். ஊர் மாறும், பெயர் மாறும், கணக்கு அதேதான்.

தொடக்கத்தை வீட்டார் சுமக்கிறார்கள் என்றால், முடிவையாவது நீங்கள் சுமக்க வேண்டாமா? நான் கேட்பது இது ஒன்றுதான். கீழே எழுதியிருப்பதெல்லாம் இதற்கான விளக்கம்.

நடுவில் ராணி நாட்டுக்குக் கொடுத்ததை உங்களுக்குப் பட்டியல் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. 2010ல் அர்ஜென்டினாவின் ரொசாரியோவில் நடந்த உலகக் கோப்பையில், 15 வயதில், 7 கோல்கள். அந்தத் தொடரின் சிறந்த இளம் வீராங்கனை. 2013ல் ஜூனியர் உலகக் கோப்பையில் இந்தியா வெண்கலம் வாங்கியபோது தொடரின் சிறந்த வீராங்கனை. 1980 மாஸ்கோவுக்குப் பிறகு 36 ஆண்டுகள் கழித்து ரியோ ஒலிம்பிக்குக்கு மகளிர் அணி தகுதி பெற்றபோதும் அவர் அணியில் இருந்தார். 2017ல் கேப்டனாக ஆசியக் கோப்பை. 2018 ஆசிய விளையாட்டில் வெள்ளி.

ஆனால் ஒரே ஒரு கோலைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகப் பேச ஆசை. 2019 நவம்பர், புவனேஸ்வர் கலிங்கா மைதானம், அமெரிக்காவுக்கு எதிரான ஒலிம்பிக் தகுதிச் சுற்று. இரண்டு ஆட்டங்களின் கோல்களையும் கூட்டி யார் முன்னால் இருக்கிறார்களோ அவர்களுக்கு டோக்கியோ. முதல் நாள் நாம் 5-1. கிட்டத்தட்ட முடிந்தது என்று நிம்மதியாகத் தூங்கினோம். மறுநாள் இடைவேளைக்குள் அமெரிக்கா நான்கு கோல்களைப் போட்டுவிட்டது. 5-5. மைதானமே உறைந்துபோனது தொலைக்காட்சியிலேயே தெரிந்தது. அப்புறம் 48வது நிமிடத்தில், வட்டத்துக்குள் வந்த பந்தை ராணி ஒரே அடியில் வலைக்குள் அனுப்பினார். மொத்தக் கணக்கு 6-5. நான் அன்று கத்திய கத்தலில் பக்கத்து வீட்டார் ஓடிவந்தார்கள்.

அந்தக் கோல் இல்லாவிட்டால் டோக்கியோவே இல்லை. முதல் மூன்று ஆட்டங்களிலும் தோற்றுவிட்டு, அயர்லாந்தையும் தென்னாப்பிரிக்காவையும் வென்று, காலிறுதியில் குர்ஜித் கௌரின் ஒற்றைக் கோலில் ஆஸ்திரேலியாவை வீழ்த்திய அந்த ஆகஸ்ட் மாதமும் இல்லை. பிரிட்டனுக்கு எதிரான வெண்கலப் போட்டியில் 0-2 என்று பின்தங்கி, இடைவேளைக்குள் 3-2 என்று முன்னேறி, கடைசியில் 3-4ல் தோற்று அவர்கள் அழுதபோது கூடவே நாடு அழுததே, அதுவும் இல்லை. நான்காம் இடம்தான். ஆனால் அதற்கு அடுத்த வாரத்திலிருந்து பெண்ணை ஹாக்கிக்கு அனுப்ப என்னிடம் வந்து கேட்ட பெற்றோரை நான் என் கண்ணால் பார்த்தேன். என் 22 பேரில் பாதிப்பேர் அப்போது வந்து சேர்ந்தவர்கள்.

சரி, அதற்குப் பிறகு?

அதற்குப் பிறகு தொடைப் பின்தசையில் காயம். ஹாக்கி ஆடியவர்களுக்கு இது என்னவென்று தெரியும். நாங்கள் முழு உயரத்தில் நிமிர்ந்து ஓடுகிறவர்கள் இல்லை. இடுப்பை மடக்கி, முழங்காலை வளைத்து, மட்டையைத் தரையோடு வைத்துக்கொண்டு பாய்ந்து ஓடி, சட்டென்று நின்று திரும்புகிறவர்கள். முதுகும் தொடையும் முழங்காலும்தான் எங்கள் மூலதனம். தொடைப் பின்தசை ஒருமுறை கிழிந்தால், ஆறியது போலத் தோன்றும். முழு வேகத்தில் ஒரு பந்தைத் துரத்தும்போதுதான் ஆறவில்லை என்று தெரியும். நம்பிக்கையோடு காலை வீசவே பல மாதம் ஆகும். முன்கள வீராங்கனைக்கு அந்தப் பயம் போகாமல் பழைய வேகம் வராது.

2022 ஜூனில், ஐரோப்பாவில் நடந்த புரோ லீக் என்ற சர்வதேசத் தொடரின் ஆட்டங்களின்போது ராணி தன் 250வது சர்வதேச ஆட்டத்தை ஆடினார். அதே மாதம் உலகக் கோப்பைக்கான அணி அறிவிக்கப்பட்டது. பெயர் இல்லை. காமன்வெல்த் அணியிலும் பெயர் இல்லை. பர்மிங்காமில் பெண்கள் வெண்கலம் வாங்கினார்கள். மகிழ்ச்சியாக இருந்தது, ஆனாலும் அந்தப் படத்தில் ஒரு முகத்தைத் தேடினேன். அந்த ஆண்டே தேசிய விளையாட்டுப் போட்டிகளில் ஹரியானாவுக்காகக் கோல் மழை பொழிந்தார். தென்னாப்பிரிக்கப் பயணத்துக்கு மீண்டும் அழைக்கப்பட்டார். திரும்பி வந்த முதல் ஆட்டத்திலேயே கோல் அடித்தார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இந்தியச் சீருடையில் அவரை ஆட்டக்களத்தில் பார்க்கவில்லை. ஒவ்வொரு அணி அறிவிப்பிலும் மேலிருந்து கீழாகப் பெயர்களைப் படித்துவிட்டு, மறுபடி ஒருமுறை கீழிருந்து மேலாகப் படித்தேன். என்னைப் போல எத்தனையோ பேர் அப்படிப் படித்திருப்பார்கள்.

தேர்வு உங்கள் உரிமை. வேகம் குறைந்தவரை நீக்குவது, இளையவரைக் கொண்டுவருவது, பயிற்சியாளரின் திட்டத்துக்கு ஏற்ற ஆளை எடுப்பது எல்லாம் விளையாட்டில் சாதாரணம். ராணி இருந்திருந்தால் இது நடந்திருக்கும் அது நடந்திருக்கும் என்று நான் வாதாட வரவில்லை. ஒருவேளை அந்த முடிவுகள் எல்லாமே சரியானவையாகக்கூட இருக்கலாம். நான் கேட்பது வேறு. 254 ஆட்டங்கள் ஆடிய ஒருவரின் வாழ்க்கை எங்கே முடிந்தது என்பது, அது முடிந்து 21 மாதங்கள் கழித்து, பின்னோக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்கும் ஒன்றாக இருக்கக் கூடாது.

2024 அக்டோபர் 24 அன்று, டெல்லி மேஜர் தியான்சந்த் மைதானத்தில் ராணி ஓய்வை அறிவித்தார். அவர் அணிந்த 28ஆம் எண் சட்டையை இனி யாருக்கும் தருவதில்லை என்று நீங்கள் அறிவித்தீர்கள். அது பெரிய மரியாதை. அதற்காக மனதார நன்றி சொல்கிறேன், அன்றைக்குக் கண் கலங்கித்தான் பார்த்தேன். ஆனால் அன்று அந்த மைதானத்தில் நடந்தது ஜெர்மனிக்கு எதிரான ஆண்கள் ஆட்டம். ராணியின் கையில் மட்டை இல்லை. அவரோடு ஓடிய பெண்கள் அவருக்குப் பந்தைத் தள்ளிவிடவில்லை.

இரண்டே மாதம் முன்னால், ஆகஸ்ட் 8 அன்று பாரீஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள் அணியின் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் விடைபெற்றதை நினைத்துப் பாருங்கள். இதுதான் என் கடைசித் தொடர் என்று முன்பே சொல்லிவிட்டுப் போனார். அணியே அவருக்காக ஆடுகிறோம் என்றது. ஸ்பெயினை 2-1ல் வென்று வெண்கலம் வாங்கியதும், கோல் கம்பத்தின் மேல் ஏறி உட்கார்ந்தார். சக வீரர்கள் அவருக்குத் தலை வணங்கினார்கள். 16ஆம் எண் சட்டைக்கும் நீங்கள் இதே மரியாதையைச் செய்தீர்கள். அந்தக் காட்சியை என் பிள்ளைகளுக்குப் பலமுறை போட்டுக் காட்டியிருக்கிறேன். அவருக்குக் கிடைத்தது ஒரு துளிகூடக் குறைந்திருக்கக் கூடாது. அதே முழுமை ஒரு பெண்ணுக்கும் கிடைக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். இருவரின் சட்டைக்கும் ஒரே மரியாதை. ஆனால் ஒருவர் தன் கடைசி ஆட்டத்தை இதுதான் என்று தெரிந்து ஆடினார்.

ராணி ஒருவரின் கதை மட்டும் என்றால் விட்டுவிடலாம். ரீது ராணியை எடுத்துக்கொள்ளுங்கள். 2015ல் அவர் தலைமையில்தான் அணி ரியோவுக்குத் தகுதி பெற்றது. ரியோவுக்குக் கிளம்பிய அணியில் அவர் இல்லை. ஒடிசாவின் சுனிதா லக்ரா, 139 ஆட்டங்கள் ஆடிய தடுப்பாட்டக்காரர். டோக்கியோவுக்குச் சில மாதங்களே இருந்த நிலையில், 2020 ஜனவரியில், முழங்கால் காயத்தால் ஓய்வை அறிவிக்க வேண்டியதாயிற்று. வந்தனா கட்டாரியா, ஓய்வு பெற்றபோது இந்திய மகளிர் ஹாக்கியில் மிக அதிகமாக 320 ஆட்டங்கள் ஆடியிருந்தவர், ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண். 2025 ஏப்ரல் 1 அன்று ஓய்வை அறிவித்தார். அவர் கடைசியாகக் களமிறங்கிய நாளில், அது கடைசி என்று பார்க்க வந்தவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவருக்காக எழுந்து நின்று ஒருமுறை கைதட்டியிருப்பார்கள்.

இங்கே என் கதையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அது மிகச் சின்னது. சர்வதேசம் எல்லாம் இல்லை. கல்லூரிக் காலத்தில் மாநில அணியின் பயிற்சி முகாம் வரை போனேன். ஒரு மழை நாளில், இடைவேளைக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது முழங்கால் திரும்பியது. வெளியே வந்து உட்கார்ந்தேன். அடுத்த வாரம் திரும்பிவிடுவோம் என்று நினைத்து, ஷின் கார்டைத் தோழியிடம் கொடுத்து வைத்தேன். எட்டு மாதம் கட்டும் பயிற்சியுமாகப் போனது. யாரும் கூப்பிடவில்லை, யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அடுத்த முகாமின் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். என் இடத்தில் வேறு பெயர். அங்கே நின்றுதான் அந்த மழை நாளை நினைத்துப் பார்த்தேன். அன்று யாருக்கு எதிராக ஆடினோம், கடைசியாக நான் தொட்ட பந்து எது என்று எவ்வளவு முயன்றும் ஞாபகம் வரவில்லை. தெரிந்திருந்தால் கவனித்திருப்பேன். நீக்கியதைவிட எனக்கு இன்றும் வலிப்பது அதுதான். அந்த ஷின் கார்டை நான் திரும்ப வாங்கவே இல்லை.

எனக்கு நடந்தது போல நாட்டில் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு நடந்திருக்கும். அவர்கள் எல்லோருக்கும் நீங்கள் பதில் சொல்ல முடியாது. ஆனால் தேசிய முகாமில் இருக்கிறவர்களுக்கு முடியும். அங்கே செய்வதைத்தான் மாநிலங்களும் மாவட்டங்களும் பார்த்துப் பழகும்.

முதலாவதாக, ஒரு பெண்ணை அணியிலிருந்தோ முகாமிலிருந்தோ எடுக்கும்போது அவளை உட்காரவைத்துப் பேசுங்கள். பத்திரிகைக்குப் பட்டியல் போவதற்கு முன்னால். என்ன காரணம், என்ன சரிசெய்தால் திரும்பி வரலாம், எப்போது மறுபடி பார்ப்போம், அல்லது இனி வாய்ப்பில்லை என்பதை அவளுக்குப் புரிகிற மொழியில் சொல்லுங்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நம் அணியில் மிசோரம் பெண் இருக்கிறாள், மணிப்பூர் பெண் இருக்கிறாள், ஜார்க்கண்ட் மலைக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். மிசோரமின் லால்ரெம்சியாமி 2019ல் ஹிரோஷிமாவில் தொடர் நடக்கும்போது அப்பாவை இழந்தார். அரையிறுதியும் இறுதியும் ஆடி முடித்துவிட்டுத்தான் ஊருக்குப் போனார். இப்படி இருக்கிற பெண்களுக்கு, கடினமான செய்தியை அவர்கள் நெஞ்சுக்கு நெருக்கமான மொழியில் சொல்ல ஒரு ஆள் வேண்டும். பேசியதை ஒரு தாளில் எழுதியும் கொடுங்கள். "வாய்ப்பில்லை" என்பது கொடுமையான சொல்தான். அதைவிடக் கொடுமை, சொல்லாமல் விடுவது. சொல்லாதபோது அவள் ஒவ்வொரு காலையும் எழுந்து ஓடிக்கொண்டே இருப்பாள். வேலையையோ படிப்பையோ கல்யாணத்தையோ தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பாள்.

காயம்பட்டவளுக்கு இன்னும் ஒருபடி கூடுதலாகச் செய்ய வேண்டும். முழங்காலின் சிலுவைத் தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் நடக்கிறது என்பது மருத்துவர்கள் நன்கறிந்த விஷயம். அறுவை சிகிச்சை முடிந்து ஆட்டத்துக்குத் திரும்ப ஒன்பது மாதம், ஒரு வருடம்கூட ஆகும். அந்தக் காலம் முழுக்க அவள் பெயர் முகாமின் ஏட்டில் இருக்கட்டும். மாதப் பணம் நிற்காமல் வரட்டும். எந்த மாதம் நடக்க வேண்டும், எந்த மாதம் ஓட வேண்டும், எந்த மாதம் பந்தோடு திரும்ப வேண்டும் என்று திட்டம் அவள் கையில் இருக்கட்டும். நாட்டுக்காக ஆடும்போது கிழிந்த தசைநாரை அவள் சொந்தச் செலவிலும் சொந்தப் பயத்திலும் ஆற்றிக்கொள்ளக் கூடாது. பிள்ளை பெற்றுக்கொள்ள நினைக்கிறவளுக்கும் இதே ஏற்பாடு இருக்கட்டும். பிள்ளை பெற்ற பின் திரும்பி வந்து உலகப் பட்டம் வாங்க முடியும் என்பதை மேரி கோம் குத்துச்சண்டையில் காட்டிவிட்டார். ஹாக்கியிலும் ஒரு பெண் திரும்பி வருவாள், கதவு திறந்திருக்கிறது என்று முன்பே தெரிந்தால்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நெடுங்காலமாகப் பெண்கள் ஹாக்கியைத் தாங்கிப் பிடித்தது ரயில்வே வேலைதான். ரியோவில் அணியின் கேப்டனாக இருந்த சுசீலா சானு, மும்பையில் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்தவர். அந்த வேலை இல்லாவிட்டால் பலர் இருபது வயதுக்கு மேல் ஆடியிருக்கவே மாட்டார்கள். ஆண்களுக்கான ஹாக்கி இந்தியா லீக் 2013ல் தொடங்கியது. பெண்களுக்கு அதே லீக் 2025 ஜனவரியில் ராஞ்சியில், நான்கு அணிகளோடு வந்தது. ஏலத்தில் உதிதா துஹானுக்கு 32 லட்சம் ரூபாய் என்று கேட்டபோது சந்தோஷத்தில் என் பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்கிக்கொடுத்தேன். இதை நடத்திக் காட்டியதற்காக உங்களைப் பாராட்டுகிறேன், மனதிலிருந்து சொல்கிறேன். ஆனால் அந்த ஏலம் நடந்த அதே அக்டோபரில்தான் ராணி ஓய்வு பெற்றார். பதினாறு வருடம் ஆடியவர் தன் நாட்டு லீக்கில் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. அந்த லீக்கின் சூர்மா அணிக்கு வழிகாட்டியாக வெளியே நின்றார். காலம் தாழ்ந்தது யாருடைய தவறு என்று தோண்டுவதில் இப்போது பயனில்லை. ஆடி முடித்தவர்களுக்கு அந்த லீக்கில் இடம் கொடுங்கள். பயிற்சியாளராக, நடுவராக, இளம் பெண்களைக் கண்டுபிடித்துத் தருகிறவராக. 17 வயதுக்குட்பட்ட பெண்கள் அணியை ராணியிடம் ஒப்படைத்தது நல்ல முடிவு. ஆட்டத்திலிருந்து விடைபெற்ற பிறகு அப்படிப்பட்ட அழைப்பு வந்தால் அது பரிசு. விடைபெறும் முன்பே வந்தால், வாங்குகிறவளுக்கு அதன் அர்த்தம் குழம்பிப்போகும்.

கடைசியாக, விடையளிக்கும் ஆட்டம். இதற்குச் செலவே இல்லை என்பதால்தான் கூசாமல் கேட்கிறேன். நம் அணி சொந்த மண்ணில் புவனேஸ்வரிலும் ராஞ்சியிலும் ராஜ்கீரிலும் ஆடுகிறது. நூறு ஆட்டங்களைத் தாண்டிய எந்தப் பெண்ணும், அணியில் இனி இடமில்லை என்று முடிவான பிறகு, அப்படி ஒரு ஆட்டத்தில் இறங்கட்டும். முழு அறுபது நிமிடம் வேண்டாம். முதல் பதினைந்து நிமிடம் போதும். ஹாக்கியில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம், அணிக்கு ஒன்றும் குறைந்துவிடாது. முன்கூட்டியே தேதியைச் சொல்லுங்கள். அவள் அம்மாவும் அப்பாவும் வந்து முன்வரிசையில் உட்காரட்டும். அவளுக்கு முதல் மட்டையை வாங்கிக்கொடுத்த உள்ளூர்ப் பயிற்சியாளர் வரட்டும். அவள் தான் தொடும் கடைசிப் பந்து இது என்று தெரிந்து அதைத் தொடட்டும்.

ஓய்வு பெறுகிற நாளை வீராங்கனையே தீர்மானிக்கட்டுமே, நாங்கள் ஏன் தலையிட வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சிலருக்கு ஆரவாரமே பிடிக்காது, அமைதியாகப் போகத்தான் விரும்புவார்கள். அவர்களை வற்புறுத்த வேண்டாம். ஆனால் தீர்மானிக்க வேண்டுமென்றால் அவளுக்கு உண்மை நிலவரம் தெரிய வேண்டும் அல்லவா? அணியில் நமக்கு இடமுண்டா இல்லையா என்பதே தெரியாதவள் எந்த நாளைத் தேர்ந்தெடுப்பாள்?

கோல்கீப்பர் சவிதா புனியா 300 ஆட்டங்களைத் தாண்டியவர். டோக்கியோவில் ஆஸ்திரேலியாவின் பெனால்டி கார்னர்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தடுத்துச் சுவர் போல நின்றவர். என் அணியின் கோல்கீப்பர் பெண், தன் பழைய கால் பேடில் அவர் பெயரைப் பேனாவால் எழுதி வைத்திருக்கிறாள். அவர் இன்னும் பல வருடம் ஆடட்டும். ஆனால் அவருடைய நாளும் ஒருநாள் வரும். அப்போது இரண்டு மாதம் முன்னால் தேதியைச் சொல்லுங்கள். எந்த ஊராக இருந்தாலும் பரவாயில்லை. ரயில் டிக்கெட் எடுக்க, பெற்றோரிடம் கையெழுத்து வாங்க, சப்பாத்தி கட்டிக்கொள்ள எங்களுக்கு அவ்வளவு நாள் போதும். 22 பேரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். நோட்டு வைத்திருக்கிறவளும் வருவாள். கடைசிக் கட்டத்தை மைதானத்தில் உட்கார்ந்தே நிரப்பிக்கொள்வாள்.

இப்படிக்கு,
பள்ளிப் பெண்களுக்கு ஹாக்கி சொல்லிக்கொடுக்கும் ஒரு முன்னாள் லெஃப்ட் ஹாஃப்